இ-இன்வாய்ஸ் மென்பொருளைச் சட்டப்படி சோதிப்பது எப்படி: தோட்டப்புற ஊரில் தொழில் தொடங்குபவருக்கு ஒரு வழிகாட்டி

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரி ஊரில் உட்கார்ந்து மளிகைக் கடைக்கும் உரக்கடைக்கும் லாரி கம்பெனிக்கும் பில் போடும் மென்பொருள் எழுதிக் கொடுப்பவர்கள் இப்போது நிறையப் பேர். சுற்றிலும் செம்பனைத் தோட்டம், டவுனில் இரண்டு வரிசைக் கடை, அதில் பாதிப் பேருக்கு இ-இன்வாய்ஸ், அதாவது பில்லை மின்னணு முறையில் வருமான வரி வாரியத்துக்கு அனுப்பிச் சரிபார்ப்பது, கட்டாயம். கடைக்காரர் கோலாலம்பூர் கம்பெனியைக் கூப்பிட மாட்டார், உங்களைத்தான் கூப்பிடுவார். நீங்களும் இரண்டு மூன்று வாரத்தில் வாரியத்தின் மைஇன்வாய்ஸ் தளத்தில் உள்ள ஏபிஐயோடு (மென்பொருள்கள் ஒன்றோடொன்று பேசும் வாசல்) இணைத்து, திரையில் "வேலிட்" என்று வந்ததும் வேலை முடிந்தது என்று நினைப்பீர்கள். அங்கேதான் ஆரம்பமே.

வருமான வரி வாரியத்தின் கணினி உங்கள் ஆவணத்தின் வடிவம், எண்கள், தேதி போன்றவற்றை மட்டுமே பார்க்கிறது. அந்த விற்பனைக்கு அந்த வகை ஆவணம் போட்டது சட்டப்படி சரியா என்று அது சொல்வதில்லை. தப்பான வகையில் போட்ட பில்லும் பச்சையாகத்தான் வரும். இதை யாரும் எனக்கு முன்கூட்டியே சொல்லவில்லை. அதனால் நான் அலைந்து கற்றதை வரிசையாக எழுதுகிறேன்.

1. வாடிக்கையாளருக்கு எப்போது கட்டாயம் என்று முதலில் உறுதி செய்யுங்கள்

கட்டங்கள் இவை: ஆண்டு விற்பனை 100 மில்லியன் ரிங்கிட்டுக்கு மேல் என்றால் 2024 ஆகஸ்டு 1, 25 முதல் 100 மில்லியன் வரை 2025 ஜனவரி 1, 5 முதல் 25 மில்லியன் வரை 2025 ஜூலை 1, 1 முதல் 5 மில்லியன் வரை 2026 ஜனவரி 1. ஒரு மில்லியனுக்குக் கீழே உள்ளவர்களுக்கு விலக்கு. இந்த விலக்கு எல்லை முன்பு 5 லட்சமாக இருந்தது, 2025 டிசம்பரில்தான் உயர்த்தினார்கள். பழைய எண்ணை இன்னும் சொல்லிக்கொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள், நம்பாதீர்கள்.

நம் ஊர்க் கடைகளில் பெரும்பாலானவை கடைசிக் கட்டத்திலோ விலக்கிலோதான் வரும். எந்தக் கட்டம் என்பதை 2022-ஆம் நிதியாண்டின் விற்பனையை வைத்து முடிவு செய்கிறார்கள், இந்த வருஷ விற்பனையை வைத்து அல்ல. கடைக்காரர் வாய்க்கணக்காக "ஒரு மில்லியன் இருக்காது தம்பி" என்பார். அதை எழுதிக்கொள்ளாதீர்கள், 2022 கணக்கைக் காட்டச் சொல்லுங்கள். அண்ணன் தம்பி பெயரில் இன்னொரு கம்பெனி, பங்குதாரர் கம்பெனி என்று இருந்தால் விலக்கு பொருந்தாமலும் போகலாம். அதையும் கேளுங்கள்.

ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு தளர்வுக் காலம் கொடுக்கிறார்கள். அதில் மாத விற்பனை முழுவதையும் ஒரே தொகுப்பாக அனுப்பலாம். தளர்வு எப்போது முடிகிறது என்பதை வாரியத்தின் தளத்தில் பார்த்து உங்கள் வேலைத் திட்டத்தில் எழுதி வையுங்கள். தளர்வில் மட்டும் ஓடும் மென்பொருளை எழுதிக் கொடுத்துவிட்டு, அது முடியும் வாரத்தில் எல்லாக் கடையும் ஒரே நேரத்தில் போன் செய்வதைத் தாங்க முடியாது.

2. சட்டக் கேள்விகளுக்குப் பதிலை எழுத்தில் வாங்குங்கள்

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். நீங்கள் நிரல் எழுதுபவர். எந்த விற்பனைக்கு எந்த ஆவணம் என்று முடிவு செய்வது உங்கள் வேலை இல்லை, அதற்கான உரிமமும் உங்களிடம் இல்லை. வருமான வரிச் சட்டம் 1967, 153-ஆம் பிரிவின் கீழ் உரிமம் பெற்ற வரி முகவர்தான் அதைச் சொல்ல வேண்டும். கடைக்காரரின் முகவர் ஈப்போவிலோ கோலக் கங்சாரிலோ இருப்பார். அவருக்கு மின்னஞ்சலில் கேள்விகளை அனுப்புங்கள், பதிலும் மின்னஞ்சலில் வரட்டும். வாட்ஸ்அப் குரல் செய்தியாக வந்தால், அதையே நீங்கள் எழுதி "இப்படித்தானே சொன்னீர்கள்?" என்று திருப்பி அனுப்பி ஒப்புதல் வாங்குங்கள்.

கேட்க வேண்டியவை ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும். எங்கள் பக்கத்தில் எப்போதும் எழுபவை இவை:

பெயர் சொல்லாமல் வாங்கிப் போகும் வாடிக்கையாளர்களின் பில்களை மாதக் கடைசியில் தொகுத்து அனுப்பலாமா? பொதுவாக அனுப்பலாம், மாதம் முடிந்து 7 நாட்களுக்குள். ஆனால் வாகன விற்பனை, விமான டிக்கெட் போன்ற சில துறைகளுக்குத் தொகுப்பு அனுமதி கிடையாது. ஹார்ட்வேர் கடை என்றால் சிமெண்டு, இரும்பு மாதிரிக் கட்டுமானப் பொருட்களைப் பற்றித் தனியாகக் கேளுங்கள். அந்தக் கடைக்கு இதுதான் முதல் கேள்வி.

ஒரே பில் 10,000 ரிங்கிட்டைத் தாண்டினால்? 2026 ஜனவரி 1 முதல் அந்த விற்பனையைத் தொகுப்பில் சேர்க்கக் கூடாது என்பது விதி, தனி இ-இன்வாய்ஸ் போட வேண்டும். உரக்கடையில் ஒரு லோடு உரம் இந்தத் தொகையைச் சாதாரணமாகத் தாண்டும். வாடிக்கையாளர் தளர்வுக் காலத்தில் இருந்தால் இந்த விதி அவருக்கு எப்போது முதல் என்றும் அதே மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள்.

செம்பனைக் குலை வாங்கும் வியாபாரி சிறுதோட்டக்காரரிடம் வாங்கும்போது, வாங்குபவரே விற்பவர் சார்பில் போடும் செல்ஃப்-பில்டு இன்வாய்ஸ் வேண்டுமா? விற்பவர் வியாபாரமாகச் செய்கிறாரா, விலக்கில் இருக்கிறாரா என்பதைப் பொறுத்து இந்தப் பதில் மாறும். நீங்களாக ஊகித்து நிரலில் எழுதிவிடாதீர்கள்.

பழைய கடனுக்குப் பணம் வந்தால், சரக்கு திரும்பி வந்தால், தீபாவளிக்கு முன்பணம் வாங்கினால் எந்த நாளில் எந்த ஆவணம்?

ஒவ்வொரு பதிலையும் ஒரு சோதனையாக மாற்றுங்கள். "10,000.00 ரிங்கிட் பில் தொகுப்பில் சேர வேண்டும், 10,000.01 சேரக் கூடாது" என்கிற மாதிரி. பக்கத்திலேயே யார், என்று, எந்த மின்னஞ்சலில் சொன்னார் என்று குறித்து வையுங்கள். பிறகு வாரியத்தின் வழிகாட்டி மாறும்போது எந்தச் சோதனையைத் திருத்த வேண்டும் என்று தேட வேண்டியிருக்காது. வழிகாட்டி அடிக்கடி மாறுகிறது. அதனால் நீங்கள் எந்தப் பதிப்பை வைத்து எழுதினீர்கள் என்பதையும் குறியுங்கள், அந்தப் பிடிஎஃப்பையும் உங்களிடம் சேமித்து வையுங்கள்.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், இ-இன்வாய்ஸ் போடத் தவறினால் 120-ஆம் பிரிவின் கீழ் ஒவ்வொரு தவறுக்கும் 200 முதல் 20,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். தண்டனை கடைக்காரருக்குத்தான். ஆனால் அவர் யாரைப் பார்ப்பார் என்று உங்களுக்கே தெரியும்.

3. ஆவணங்களையும் செலவையும் முன்கூட்டியே சேருங்கள்

உங்கள் பக்கம்: எஸ்எஸ்எம் (மலேசியக் கம்பெனிகள் ஆணையம்) பதிவு. சொந்தப் பெயரில் என்றால் ஆண்டுக்கு 30 ரிங்கிட், வியாபாரப் பெயரில் என்றால் 60 ரிங்கிட். தொழில் தொடங்கி 30 நாட்களுக்குள் பதிய வேண்டும், இணையத்திலேயே முடித்துவிடலாம். அப்புறம் உங்கள் வரி எண், அதாவது டின் எண், வாரியத்தின் இணையத் தளமான மைடேக்ஸில் ஒரு கணக்கு.

வாடிக்கையாளர் பக்கம் வாங்க வேண்டியவை: 12 இலக்கப் புதிய எஸ்எஸ்எம் எண், டின் எண், 5 இலக்க எம்எஸ்ஐசி தொழில் குறியீடு, எஸ்எஸ்டி (விற்பனை, சேவை வரி) பதிவு இருந்தால் அந்த எண், முகவரி, தொலைபேசி எண். கேட்டதும் கடைக்காரர் எடுத்துக் கொடுப்பது பெரும்பாலும் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் பழைய சான்றிதழாக இருக்கும். அதில் பழைய எண்தான் இருக்கும். 2019 அக்டோபரில்தான் எஸ்எஸ்எம் 12 இலக்க எண்ணுக்கு மாறியது.

கடைக்காரர் மைடேக்ஸில் ஒரு தடவைகூட நுழையாதவராக இருந்தால் அதற்குத் தனியாக நாள் ஒதுக்குங்கள். முதல் நுழைவுக்கு பின் (PIN) என்ற ரகசிய எண் வேண்டும். கம்பெனி என்றால் இயக்குநர் தன் அடையாள அட்டை எண்ணில் நுழைந்து, கம்பெனிக்கான பொறுப்பைக் கேட்டு விண்ணப்பித்து, ஒப்புதலுக்குக் காத்திருக்க வேண்டும். நிரல் வேலையைவிட இதுதான் இழுக்கும். இயக்குநரான அப்பாவுக்குக் கைப்பேசி பழக்கம் இல்லை, மகன் சிங்கப்பூரில் இருக்கிறார் என்கிற நிலை நம் ஊரில் சர்வசாதாரணம். எனவே ஒப்பந்தம் பேசிய அன்றே இந்த விண்ணப்பத்தைத் தொடங்கச் சொல்லுங்கள்.

செலவு என்று பார்த்தால், மைஇன்வாய்ஸ் தளம், ஏபிஐ, சோதனைக்கான சேண்ட்பாக்ஸ் எல்லாம் இலவசம். காசு போவது டிஜிட்டல் சான்றிதழுக்கும், சர்வருக்கும், வரி முகவரின் ஆலோசனைக்கும், க்யூஆர் குறியீட்டைத் தெளிவாக அச்சடிக்காத பழைய தெர்மல் பிரிண்டரை மாற்றுவதற்கும்தான். முகவர் கட்டணத்தை நீங்களே விழுங்கிவிடாதீர்கள், கடைக்காரரிடம் தனி வரியாகக் காட்டுங்கள்.

ஒரு எச்சரிக்கை: "எல்எச்டிஎன் (வருமான வரி வாரியம்) அங்கீகாரம் பெற்றுத் தருகிறேன்" என்று சொல்லிப் பணம் கேட்பவர்கள் வருவார்கள். வாரியத்தின் ஏபிஐயோடு நேரடியாக இணைவதற்கு அப்படி ஓர் அங்கீகாரம் தேவையில்லை. கம்பெனிகள் பில்களைப் பரிமாறிக்கொள்ளும் பெப்போல் என்ற சர்வதேச வலையமைப்பு வழியாக அனுப்புவதற்கு, மலேசிய டிஜிட்டல் பொருளாதாரக் கழகமான எம்டெக் தரும் அங்கீகாரம் வேறு விஷயம். சின்னக் கடைகளுக்கு வேலை செய்பவருக்கு அது வேண்டியதில்லை.

4. சேண்ட்பாக்ஸில் இணையுங்கள்

நேரலைத் தளத்துக்கும் சோதனைத் தளத்துக்கும் முகவரி வேறு, கடவு எண்களும் வேறு. சோதனைத் தளத்தில் உங்கள் மென்பொருளைப் பதிந்தால் கிளையண்ட் ஐடியும் சீக்ரெட்டும், அதாவது மென்பொருளின் பயனர் பெயரும் கடவுச்சொல்லும், கிடைக்கும். சீக்ரெட்டை அப்போதே பத்திரமாகச் சேமியுங்கள். அதற்குக் காலாவதித் தேதி உண்டு, காலண்டரில் போடுங்கள். அதை வைத்து வாங்கும் டோக்கன் (தற்காலிக நுழைவு அனுமதி) ஒரு மணி நேரம் செல்லும். ஒவ்வொரு பில்லுக்கும் புது டோக்கன் வாங்காதீர்கள். உள்நுழைவுக்கு நிமிடத்துக்கு 12 தடவைதான் அனுமதி, கூட்டமான கவுண்டரில் உடனே 429 (அளவுக்கு மீறிய கோரிக்கை) என்ற பிழை வந்து நிற்கும்.

பல கடைகளுக்குச் செய்வதாக இருந்தால் இரண்டு வழி. ஒவ்வொரு கடைக்கும் அவரவர் பெயரில் பதியலாம். அல்லது நீங்கள் இடைத்தரகர், அதாவது இண்டர்மீடியரி ஆகலாம். அப்படியானால் கடைக்காரர் தன் கணக்கில் உங்களை நியமித்து, எதற்கெல்லாம் அனுமதி, எந்தத் தேதி வரை என்று குறிக்க வேண்டும். நான் இரண்டாவதையே பரிந்துரைப்பேன், கடைக்காரரின் சீக்ரெட்டைக் கையில் வைத்துக்கொண்டு திரிய வேண்டாம். ஆனால் நியமனத்தின் முடிவுத் தேதியைக் கவனியுங்கள். தேதி முடிந்த காலையில் கடையில் ஒரு பில்லும் போகாது.

5. சோதனைப் பட்டியல்: பொறிகள் இருக்கும் இடங்கள்

ஆவணம் யூபிஎல் 2.1 என்ற பில் தர வடிவில், ஜேசான் அல்லது எக்ஸ்எம்எல் கோப்பாகப் போக வேண்டும். களங்கள் 55. மாதிரிக் கோப்பை நிரப்பி அனுப்பினால் முதல் நாளே போய்விடும். மாட்டிக்கொள்ளும் இடங்கள் வேறு.

*நேரம்.* வெளியிட்ட நேரம் யூடிசியில் (உலகப் பொது நேரம்) இருக்க வேண்டும். நாம் 8 மணி நேரம் முன்னால் இருக்கிறோம். காலை 10 மணி பில்லை அப்படியே 10 மணி யூடிசி என்று அனுப்பினால் அது மாலை 6 மணிக்கான பில் ஆகி, எதிர்காலத் தேதி என்று திரும்பி வரும். சரியாக மாற்றினாலும் இன்னொன்று உண்டு: காலை 8 மணிக்கு முன் போட்ட பில்லின் யூடிசி தேதி முந்தைய நாள். விடியற்காலையில் திறக்கும் நாசி லெமாக் கடையில் 1-ஆம் தேதி 7 மணிக்குப் போட்ட பில், யூடிசியில் போன மாதத்தில் நிற்கும். உங்கள் மாதத் தொகுப்பு எந்தத் தேதியை வைத்துக் கூட்டுகிறது? உள்ளூர் நேரத்தை வைத்துக் கூட்டுங்கள், இதற்கென்று ஒரு சோதனை எழுதுங்கள். கூடவே கடைக் கணினியின் கடிகாரத்தையும் நம்பாதீர்கள். மதர்போர்டு பேட்டரி செத்துப்போன பழைய கணினிகள் மின்தடைக்குப் பிறகு பல வருடம் பின்னால் போய் நிற்கும். நேரத்தை சர்வரில் இருந்து எடுங்கள்.

*பெயர்.* நம் அடையாள அட்டைகளில் பெயருக்கு நடுவே ஏ/எல் (மகன்), ஏ/பி (மகள்) இருக்கிறது. அந்தச் சாய்கோடு ஒரு தொல்லை. பிஎச்பி மாதிரி மொழிகள் ஜேசான் உண்டாக்கும்போது சாய்கோட்டுக்கு முன் இன்னொரு குறியைத் தானாகச் சேர்க்கும். ஆவணத்தோடு அதன் ஷா-256 ஹாஷையும் (ஆவணத்தின் பைட்டுகளில் இருந்து கணக்கிடும் கைரேகை மாதிரி எண்) அனுப்ப வேண்டும். ஹாஷ் எடுத்த எழுத்துத் தொடரும் அனுப்பிய எழுத்துத் தொடரும் ஒரு பைட் வித்தியாசப்பட்டாலும் பொருந்தாது. ஆங்கிலப் பெயர் வைத்த மாதிரிகளில் எல்லாம் சரியாக ஓடி, முதல் தமிழ் வாடிக்கையாளர் பெயரில் விழும். ஒரு தடவை ஆவணத்தை உருவாக்கி, அதே பைட்டுகளை ஹாஷ் எடுக்கவும் அனுப்பவும் சேமிக்கவும் பயன்படுத்துங்கள். எக்ஸ்எம்எல் என்றால் "முத்து & சன்ஸ்" மாதிரிப் பெயரில் உள்ள & குறியையும் சோதியுங்கள்.

*வரி எண்.* தனிநபர் டின் எண் இப்போது ஐஜி என்று தொடங்கும். 2023-க்கு முன் எஸ்ஜி, ஓஜி என்று இருந்தது. கடையின் பழைய பட்டியலில் அவைதான் கிடக்கும். கம்பெனி எண்ணில் முன்னால் உள்ள பூஜ்யங்களை நீக்க வேண்டும், கடைசி இலக்கம் பூஜ்யமாக இருக்க வேண்டும். அடையாள அட்டை எண்ணில் கோடு போடக் கூடாது. டின் எண்ணையும் அடையாள எண்ணையும் ஒத்துப் பார்க்க ஏபிஐ இருக்கிறது. வாடிக்கையாளரை முதலில் பதியும்போது ஒரு தடவை கேட்டு விடையைச் சேமித்துக்கொள்ளுங்கள், ஒவ்வொரு பில்லுக்கும் கேட்காதீர்கள். பெயர் தராத வாடிக்கையாளருக்கும், வெளிநாட்டு வாடிக்கையாளருக்கும், அரசாங்கத்துக்கும் பொது எண்கள் தனித்தனியாக உள்ளன. இஐ என்று தொடங்கும் அந்த எண்கள் கடைசி இரண்டு இலக்கத்தில் மட்டும் வேறுபடும். 10 பொதுமக்கள், 20 வெளிநாட்டு வாடிக்கையாளர், 30 வெளிநாட்டு விற்பனையாளர், 40 அரசாங்கம். இதில் ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைப் போட்டாலும் "வேலிட்" என்று வரக்கூடும். நான் முன்னால் சொன்னது இதைத்தான்.

*ஐந்து சென்.* 2008 ஏப்ரல் முதல் ரொக்க பில்லின் மொத்தத்தை 5 சென்னுக்குச் சுற்றுகிறோம். 12.43 என்றால் 12.45, 12.42 என்றால் 12.40. கார்டிலோ க்யூஆரிலோ கட்டினால் சுற்ற வேண்டியதில்லை. சுற்றிய சில்லறையைப் பொருளின் விலையில் கலந்துவிட்டால் கூட்டுத்தொகை உதைக்கும். அதற்கென்று சுற்றல் தொகை என்ற களம் இருக்கிறது, அங்கே போடுங்கள். மாதத் தொகுப்பில் ரொக்கமும் கார்டும் கலந்து வரும்போது இதைச் சோதியுங்கள். சுற்றிய தொகைகளின் கூட்டலும், கூட்டிய தொகையைச் சுற்றுவதும் ஒன்றல்ல.

*பதில்.* ஆவணத்தை அனுப்பியதும் 202 என்று பதில் வரும். அது "வாங்கிக்கொண்டேன்" என்பது மட்டுமே. சரிபார்ப்பு பின்னால் நடக்கும். சில விநாடி இடைவெளி விட்டு நிலையைக் கேட்டு, வேலிட் என்று வந்த பிறகே க்யூஆர் அச்சடியுங்கள். 202 வந்ததும் "வெற்றி" என்று காட்டும் மென்பொருளைச் சந்தையில் பார்த்திருக்கிறேன், அதுவும் பெரிய விலைக்கு.

*அளவு.* ஓர் ஆவணம் 300 கேபிக்குள், ஓர் அனுப்பலில் 100 ஆவணத்துக்குள், மொத்தம் 5 எம்பிக்குள். தீபாவளி மாதத் தொகுப்பை ஒரே ஆவணமாகப் போட்டு, ஒவ்வொரு ரசீதையும் ஒரு வரியாக எழுதினால் 300 கேபி எளிதாகத் தாண்டும். கிளை வாரியாகவோ ரசீது எண் வரிசையாகவோ பிரித்து அனுப்ப வழி செய்யுங்கள்.

*ரத்து.* சரிபார்த்த நேரத்தில் இருந்து 72 மணி நேரம்தான் ரத்து செய்ய முடியும். அதற்குப் பிறகு கிரெடிட் நோட்டு, டெபிட் நோட்டு, ரீஃபண்ட் நோட்டு என்ற வழிதான். திரையில் "ரத்து" பொத்தான் 73-ஆம் மணியில் மறைய வேண்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் போட்ட பில்லுக்குத் திங்கள் சாயங்காலத்தோடு முடிகிறது. ஞாயிறு கடை அடைப்பு என்றால் கிளார்க்குக்கு மிச்சம் இருப்பது கொஞ்ச நேரமே. இதை அவருக்குத் தெளிவாகச் சொல்லிக் கொடுங்கள்.

*இணையம் இல்லாத நேரம்.* மழைக்கு லைன் போகும் ஊர் நம்முடையது. பில்லை வரிசையில் வைத்து, இணைப்பு வந்ததும் அனுப்ப வேண்டும். இரண்டு தடவை போய்விடாமல் இருக்க உள் எண்ணை வைத்துத் தடுங்கள். கேபிளைப் பிடுங்கி, அனுப்பும் நடுவில் மின்சாரத்தை நிறுத்தி, உண்மையாகவே சோதித்துப் பாருங்கள்.

6. டிஜிட்டல் கையொப்பம்

ஆவணத்தின் 1.0 பதிப்பில் கையொப்பம் சரிபார்க்கப்படுவதில்லை, 1.1-இல் சரிபார்க்கப்படும். முதலில் 1.0-இல் தரவு முழுவதையும் சரிசெய்துவிட்டு 1.1-க்குப் போங்கள். இரண்டையும் ஒன்றாகத் தொடங்கினால் பிழை எங்கே என்று தெரியாமல் தவிப்பீர்கள்.

சான்றிதழை டிஜிட்டல் கையொப்பச் சட்டம் 1997-இன் கீழ் உரிமம் பெற்ற நிறுவனத்திடம்தான் வாங்க வேண்டும். போஸ் டிஜிசர்ட், எம்எஸ்சி டிரஸ்ட்கேட் போன்றவை. இணையதளத்துக்கு வாங்கும் எஸ்எஸ்எல் சான்றிதழ் இதற்கு ஆகாது. இரண்டு மூன்று இடத்தில் விலை கேளுங்கள், புதுப்பிக்கும் கட்டணத்தையும் சேர்த்துக் கேளுங்கள், மென்கோப்பாகத் தருகிறார்களா யூஎஸ்பி டோக்கனாகவா என்றும் கேளுங்கள். டோக்கன் என்றால் சர்வரில் செருக ஓர் இடம் வேண்டும். வாடகை சர்வர் வைத்திருப்பவர் இதை வாங்கிவிட்டு விழிப்பார். விண்ணப்பத்தில் கொடுக்கும் பெயர், டின் எண், பதிவு எண் மூன்றும் மைடேக்ஸில் உள்ளபடியே இருக்கட்டும். இடைத்தரகராக இருந்தால் உங்கள் சான்றிதழிலேயே எல்லாக் கடைக்கும் கையொப்பமிடலாம், கடைக்கு ஒன்று வாங்கத் தேவையில்லை.

7. சோதனைக்கு நிஜத் தரவைப் பயன்படுத்தாதீர்கள்

கடையின் வாடிக்கையாளர் பட்டியலை அப்படியே பென்டிரைவில் எடுத்துவந்து வீட்டுக் கணினியில் சோதிப்பது நம்மில் பலரின் வழக்கம். அதில் பெயர், அடையாள எண், முகவரி, கடன் பாக்கி எல்லாம் இருக்கும். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010, 2024 திருத்தத்துக்குப் பிறகு, தரவைக் கையாளும் உங்களையும் நேரடியாகப் பிடிக்கிறது. பாதுகாப்புக் கோட்பாடு இப்போது செயலாக்குபவருக்கும் கட்டாயம். கோட்பாடுகளை மீறினால் அபராதம் 10 லட்சம் ரிங்கிட் வரை, சிறை 3 ஆண்டு வரை. முன்பு 3 லட்சமும் 2 ஆண்டும். தரவு கசிந்தால், தரவைக் கட்டுப்படுத்துபவரான கடைக்காரர் தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையரிடம் 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். பெரிய பாதிப்பு ஏற்படும் என்றால் சம்பந்தப்பட்டவர்களுக்கும் அறிவிக்க வேண்டும். இந்த அறிவிப்பு விதி 2025 ஜூன் 1-இல் நடைமுறைக்கு வந்தது.

எனவே கற்பனைப் பெயர்களில் ஒரு பட்டியல் தயாரியுங்கள். ஏ/எல், ஏ/பி, "பின்", "பிந்தி", சீனப் பெயர், ஒற்றைப் பெயர், மிக நீளமான பெயர் என்று எல்லா வகையும் இருக்கட்டும். சேண்ட்பாக்ஸில் வாங்குபவராகப் பொதுமக்கள் எண்ணையோ உங்கள் சொந்த எண்ணையோ போடலாம். நிஜத் தரவில் மட்டும் வரும் பிழை ஒன்று இருந்தால், கடைக் கணினியிலேயே உட்கார்ந்து பாருங்கள், வெளியே எடுத்து வராதீர்கள். பிழைப் பதிவுக் கோப்பில் முழு ஆவணமும் எழுதப்படுகிறதா என்றும் பாருங்கள். அதை வாட்ஸ்அப் குழுவில் போட்டு "யாருக்காவது தெரியுமா?" என்று கேட்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

8. ஒப்பந்தம்

இரண்டு பக்கம் போதும், ஆனால் இருக்க வேண்டும். எந்த வழிகாட்டிப் பதிப்புக்கு ஏற்ப எழுதினீர்கள், விதி மாறினால் திருத்தக் கட்டணம் எவ்வளவு, வரி முடிவுகளுக்குப் பொறுப்பு யார், தரவு யாருடையது, வேலை முடிந்தால் எத்தனை நாளில் அழிப்பீர்கள், 7 ஆண்டு ஆவணங்களை யார் பாதுகாப்பது என்பவை. இந்தக் கடைசி விஷயத்தில்தான் தகராறு வரும். வரிக் கணக்குக்கான ஆவணங்களை 7 ஆண்டு வைத்திருக்கும் கடமை கடைக்காரருடையது. உங்கள் சர்வரில் இருந்தால் போதும் என்று அவர் நினைப்பார். மாதா மாதம் அவரிடம் ஒரு நகல் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். ஒப்பந்தம் கையெழுத்தான 30 நாட்களுக்குள் முத்திரைத் தீர்வை கட்டிவிடுங்கள், தாமதமானால் அபராதம்.

9. நேரலைக்குப் போவது

மாத நடுவில் போங்கள். மாதக் கடைசியில் தொகுப்பு வேலையும் சம்பள வேலையும் சேர்ந்து கடை நிலைகுலைந்திருக்கும். தீபாவளிக்கு முந்தைய இரண்டு மாதமும் வேண்டாம், யாரும் உங்களைக் கவனிக்க மாட்டார்கள். ஒப்பந்தத்தில் இருந்து நேரலை வரை இரண்டு மூன்று மாதம் என்று கடைக்காரரிடம் சொல்லுங்கள். நிரல் அதற்கு முன்பே முடியலாம், மைடேக்ஸ் ஒப்புதலும் முகவர் பதிலும் சான்றிதழும் முடியாது.

நேரலை முகவரியும் நேரலைக் கடவு எண்களும் போட்ட பிறகு முதலில் ஒரு சின்ன நிஜ விற்பனையை அனுப்புங்கள். சோதனைக்காகப் பொய் பில் போடாதீர்கள், நேரலையில் போவது எல்லாம் வரி ஆவணம். வந்த க்யூஆரைக் கைப்பேசியில் திறந்து, தொகையும் பெயரும் சரியா என்று கடைக்காரரையே பார்க்கச் சொல்லுங்கள். முதல் வாரம் தினமும் கடை மூடும் நேரத்தில் அன்றைய பில் எண்ணிக்கையும் வேலிட் எண்ணிக்கையும் பொருந்துகிறதா என்று பாருங்கள். பொருந்தாத பில்லை மறுநாளைக்கு ஒத்திப்போடாதீர்கள், அதன் வெளியீட்டு நேரம் பழையதாகிவிட்டால் அதற்காகவே மறுபடி நிராகரிப்பு வரும்.

முதல் மாதத் தொகுப்பு போகும் நாளில், அதாவது அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள், கடையில் நேரில் இருங்கள். அதை 3-ஆம் தேதியே அனுப்பிப் பாருங்கள், பிழை வந்தால் திருத்த நான்கு நாள் கையில் இருக்கும்.